பன்றி சுட வந்த நாளில் என் மேல் பாய்ந்த குண்டு

எங்கள் தோட்டம் கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவில் இருக்கிறது. பாலக்காடு மாவட்டம் என்றாலும் வீட்டிலும் கடையிலும் கோயிலிலும் எங்களுக்குப் பேச்சு தமிழ்தான். ஆறு ஏக்கர் நிலம். தென்னை, அதற்கு நடுவில் கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கு, ஓடைப் பக்கம் ஒன்றரை ஏக்கர் நிலக்கடலை. 2024 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறே முக்கால் மணிக்கு, இந்தத் தோட்டத்துக்குள்ளேயே என்னைக் காட்டுப்பன்றி என்று நினைத்துச் சுட்டுவிட்டார்கள். இடது தொடையில் ஒரு குண்டு, இடது முழங்கைக்கு மேலே ஒரு குண்டு. கையில் இருந்ததை எடுத்துவிட்டார்கள். தொடையில் இருப்பது இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அன்று நான் போட்டிருந்தது மங்கிப்போன காக்கிச் சட்டை, தலையில் பச்சைத் துண்டு. ரோடு வேலை செய்கிறவர்கள் போடுகிற ஆரஞ்சுக் கோட்டு ஒன்று, கடையில் நூற்றைம்பது ரூபாய், அதைப் போட்டுக்கொள் என்று முந்தின நாள் யாராவது சொல்லியிருந்தால் போதும். யாரும் சொல்லவில்லை. யாருக்கும் தோன்றவும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் வேட்டைக்குப் போகவில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டில் பொழுதுபோக்குக்கு மிருகத்தைச் சுடுவது குற்றம். ஆனால் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவு கொடுக்கும் அதிகாரத்தை 2022 மே மாதம் கேரள அரசு பஞ்சாயத்துத் தலைவர்களுக்குக் கொடுத்தது. விவசாயி எழுதிக் கொடுக்க வேண்டும். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்து பஞ்சாயத்துப் பட்டியலில் பெயர் உள்ளவர்தான் சுட வேண்டும். விஷம், வெடி, கரண்ட் எதுவும் கூடாது. சுட்ட பன்றியைப் புதைத்துவிட வேண்டும், கறி எடுக்கக் கூடாது. நான் மனு கொடுத்து, உத்தரவு வாங்கி, அதன் நகலை மோட்டார் ரூமில் வைத்திருந்தேன். அந்தக் காகிதம் மட்டும் இல்லாமல் போயிருந்தால் பிறகு நான் பட்டது இரண்டு மடங்காகியிருக்கும்.

மனு கொடுக்கும் அளவுக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். அதற்கு முந்தின வருஷம் கடலையில் பாதி போனது, கிட்டத்தட்ட நாற்பதாயிரம் ரூபாய். கப்பையில் ஒரே ராத்திரியில் இருநூறு செடி. பன்றி மேலாகத் தின்றுவிட்டுப் போவதில்லை, மண்ணையே புரட்டிப் போட்டுவிடும். விடிந்து போய்ப் பார்த்தால் யாரோ ஏர் ஓட்டின மாதிரி இருக்கும். வயிறு எரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கிக்காரர்கள் நான்கு பேர் வந்தார்கள். நாய்களோடு பன்றியை விரட்டி ஓட்டுகிறவர்கள் ஐந்து பேர். நான் பத்தாவது ஆள். முந்தின நாளே குழுவில் ஒருவர் போனில், "அண்ணா, வெள்ளை வேட்டி கட்டாதீங்க, பன்னி பார்த்துரும்" என்றார். சரி என்று காக்கியைத் தேடி எடுத்துப் போட்டேன். மற்றவர்களும் அப்படித்தான் வந்திருந்தார்கள்: பச்சை, பிரௌன், ஒருவர் மிலிட்டரி டிசைன் சட்டை. தோட்டம் முழுக்கப் பனி. இருபது அடி தள்ளி நிற்கிற தென்னை மரமே சாயம் போன மாதிரி தெரிந்தது. என்னை மோட்டார் ரூம் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். "எது நடந்தாலும் இங்கிருந்து அசையாதீங்க" என்றார்கள். அசைந்தது நான்தான். அதை மறைக்க மாட்டேன்.

அரை மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஓடைப் பக்கம் நாய் ஒன்று வீறிட்டது. பன்றி கோரைப்பல்லால் கிழித்துவிட்டது என்று நினைத்தேன். அது பக்கத்துத் தோட்டத்துப் பையனின் நாய், நான் கேட்டதால்தான் கொண்டுவந்தான். யோசிக்கவே இல்லை. ஆளுயரத்துக்கு வளர்ந்த கப்பைக்கு நடுவில், இலை முகத்தில் அடிக்காமல் இருக்கக் குனிந்துகொண்டே ஓடினேன். முப்பது முப்பத்தைந்து மீட்டர் தள்ளி வரப்பில் துப்பாக்கியோடு நின்றவருக்கு என்ன தெரிந்திருக்கும் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். பனிக்குள்ளே செடி அசைகிறது, அதற்கு நடுவில் மண் நிறத்தில் ஒரு முதுகு, தரையோடு ஒட்டி நகர்கிறது. அது பன்றி இல்லை என்று காட்ட என் மேலே ஒன்றுமே இல்லை.

வெடிச் சத்தத்தை விட முதலில் வந்தது அடிதான். உலக்கையால் தொடையில் இடித்த மாதிரி. வலி இல்லை. கால் மட்டும் என்னுடையதாக இல்லை. கீழே விழுந்து கிடந்தபோது ஒரே ஒரு பயம்: அது இரட்டைக் குழல் துப்பாக்கி, ஒரு தோட்டாவிலேயே பல குண்டு, இரண்டாவது குழலிலும் தோட்டா இருக்கும், விழுந்த பன்றி எழுந்து பாயும் என்று இன்னொன்று போடுவார். கத்தப் பார்க்கிறேன், தொண்டையில் காற்றுதான் வருகிறது. எத்தனை நொடி என்று தெரியாது. "நான்தான், நான்தான்" என்று கடைசியில் கத்தினேன். முதலில் வந்தது அந்த நாய்தான். அதற்கு ஒரு கீறல்கூட இல்லை, முள்ளில் மாட்டிக் கத்தியிருக்கிறது. அடுத்து வந்தவர் சுட்டவர். அறுபது வயது தாண்டிய மலையாளி, எங்கள் எல்லோருக்கும் சேட்டன். துப்பாக்கியை மண்ணில் போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஞான் பன்னியெயா கண்டது, ஞான் பன்னியெயா கண்டது" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பன்றியைத்தான் பார்த்தேன் என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை.

அந்த நேரத்தில் செய்ததில் சரியாக இருந்தது ஒன்று உண்டு. ஓட்ட வந்த பையன் ஒருவன் தன் பனியனைக் கழற்றி மடித்துக் காயத்தின் மேல் இரண்டு கையாலும் அழுத்தினான், ஆஸ்பத்திரி வரை எடுக்கவில்லை. காபித்தூள், மஞ்சள் என்று ஒருவர் சொன்னார், அவன் கேட்கவில்லை. குண்டுக் காயத்தில் எதையும் போடக் கூடாது, குண்டைத் தேடி விரலை விடக் கூடாது, சுத்தமான துணியால் விடாமல் அழுத்த வேண்டும், அவ்வளவுதான். எத்தனை மணிக்குச் சம்பவம் நடந்தது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், டாக்டரும் போலீசும் முதலில் கேட்பது அதைத்தான். ஓட்டையான சட்டையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அதையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, டிடி ஊசி போட்டு, கோவைக்கு அனுப்பினார்கள். மனைவி அப்போது மகளின் பிரசவத்துக்காக உடுமலைப்பேட்டையில் இருந்தாள். ஆம்புலன்ஸில் இருந்து போன் செய்து வழுக்கி விழுந்து காலில் அடி என்று சொன்னேன். இரண்டு நாள் அந்தப் பொய்யைக் காப்பாற்றினேன். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டது நானே. ராத்திரி ஒரு வாய் தண்ணீர் கேட்கக்கூட நர்ஸைத்தான் கூப்பிட வேண்டும். வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இப்போது சொல்கிறேன், அப்படி மறைக்காதீர்கள். மூன்றாம் நாள் அவளுக்கு விஷயம் தெரிந்தபோது குண்டுக்காக அழுததை விட நான் தனியாகக் கிடந்ததற்காக அழுததுதான் அதிகம்.

தொடைக் குண்டு நரம்புக்குப் பக்கத்தில் ஆழமாக இருக்கிறது, எடுக்கப் போனால் சேதம் கூடும் என்று டாக்டர் விட்டுவிட்டார். தசைக்குள் இருக்கிற ஈயக் குண்டைச் சுற்றி உடம்பே ஒரு உறை கட்டிக்கொள்ளுமாம். மூட்டுக்குள் இருந்தால்தான் கட்டாயம் எடுப்பார்களாம், அங்குள்ள நீரில் ஈயம் மெல்லக் கரைந்து ரத்தத்தில் சேரும் என்பதால். எனக்கு அவ்வப்போது ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லியிருக்கிறார். எக்ஸ்ரே படத்தின் நகலைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். எதிர்காலத்தில் எம்ஆர்ஐ என்று யாராவது சொன்னால் முதலில் அதைக் காட்ட வேண்டும்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். ஆம்புலன்ஸ் 2,500. ஆபரேஷனும் ஆறு நாள் படுக்கையும் 1,68,000. மருந்து, கட்டு 21,000. பிசியோதெரபி 14,000. வக்கீல், ஸ்டேஷனுக்குப் போய்வந்த செலவு 18,000. நான் படுத்திருந்த மூன்று வாரத்தில் மழை வந்து கடலை மண்ணுக்குள்ளேயே முளைத்துவிட்டது, அதில் ஒரு 30,000. இரண்டரை லட்சத்துக்கு மேல். எந்தப் பன்றியும் ஒரு வருஷத்தில் எனக்கு இவ்வளவு நஷ்டம் வைத்ததில்லை. பேங்கில் வருஷம் இருபது ரூபாய் பிடிக்கிற பிரதம மந்திரி விபத்துக் காப்பீடு எனக்கு இருந்தது. அது ஆஸ்பத்திரிச் செலவுக்கும் வரும் என்று நம்பியிருந்தேன். வராது. விபத்தில் சாவுக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டும்தான். தோட்டத்தில் ஆள் வைத்து வேலை செய்கிறவர்கள் இதை இன்றைக்கே தெரிந்துகொள்ளுங்கள்.

எல்லையில் வாழ்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. சம்பவம் கேரளத்தில், படுத்திருப்பது தமிழ்நாட்டில். துப்பாக்கிக் காயம் என்றால் ஆஸ்பத்திரி கட்டாயம் போலீசுக்குச் சொல்லும். கோவையில் ஒரு வாக்குமூலம், பிறகு அது எங்கள் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போய் அங்கே இன்னொரு வாக்குமூலம். இரண்டாவதை மலையாளத்தில் எழுதினார்கள். எனக்குப் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. முழுக்க வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, "நிற்கச் சொன்ன இடத்தை விட்டு நான்தான் நகர்ந்தேன்" என்ற வரி விட்டுப்போயிருந்ததைச் சேர்க்கச் சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். அந்த வரி இல்லாவிட்டால் சேட்டன் மட்டும்தான் குற்றவாளி ஆகியிருப்பார். படிக்கத் தெரியாத எழுத்தின் கீழே அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

படுத்துக்கிடந்தபோதுதான் தங்கை மகன் போன் செய்தான். அமெரிக்காவில் விஸ்கான்சினில் வேலை பார்க்கிறான். எல்லாம் கேட்டுவிட்டு, "மாமா, ஒருத்தர்கூட ஆரஞ்சு போடலையா?" என்றான். எனக்குப் புரியவில்லை. அவன் இருக்கும் மாநிலத்தில் துப்பாக்கியோடு மான் வேட்டையாடும் பருவத்தில் இடுப்புக்கு மேலே போடுவதில் பாதியாவது ஒளிரும் ஆரஞ்சாக இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறதாம். 2016-இலிருந்து ஒளிரும் ரோஸ் நிறமும் செல்லும். கொலராடோவில் குறைந்தது 500 சதுர அங்குலம், தலையிலும் கட்டாயம். பரம்பரையாக வேட்டையாடுகிறவர்களே கண்ணைப் பறிக்கிற நிறத்தில்தான் காட்டுக்குள் போகிறார்கள். "அப்போ மிருகம் ஓடிராதா?" என்று கேட்டேன். அவன் சொன்ன பதிலைத்தான் நான் முந்தின நாள் கேட்டிருக்க வேண்டும்.

நம் கண்ணில் நிறம் பார்க்க மூன்று வகை உயிரணுக்கள் இருக்கின்றன. பன்றிக்கும் மானுக்கும் இரண்டுதான். சிவப்பையும் ஆரஞ்சையும் பச்சையிலிருந்து அவற்றால் பிரித்துப் பார்க்க முடியாது. நமக்கு நெருப்பு மாதிரி தெரியும் ஆரஞ்சுக் கோட்டு பன்றிக்குச் செடி கொடியோடு சேர்ந்த ஒரு மங்கல் நிறம். அது நம்மைக் கண்டுபிடிப்பது மூக்கால். நவம்பரில் பாலக்காட்டுக் கணவாயில் கோவைப் பக்கமிருந்து கிழக்குக் காற்று அடிக்க ஆரம்பித்துவிடும், இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். அன்று அந்தக் காற்று எங்கள் பத்துப் பேரின் வாடையையும் ஓடை வரை கொண்டுபோயிருக்கும். ஆக, என் காக்கிச் சட்டை பன்றியிடமிருந்து என்னை மறைக்கவே இல்லை. என் பக்கத்து ஆட்களின் கண்ணிலிருந்துதான் மறைத்தது. இது புரிந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதன் பிறகு கடை கடையாகப் போய்ப் பார்த்து, காலை மாலை தோட்டத்தில் ஆளை நிறுத்தித் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் என்று கேட்டால் ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும். ஆரஞ்சு, கிளிப்பச்சை கலந்த மஞ்சள் என இரண்டு நிறம் வரும். ரோட்டுக்கு இரண்டும் சரி. கடலைக்கும் கப்பைக்கும் நடுவில் அந்தப் பச்சை மஞ்சள் தளிர் இலையோடு கலந்துபோகிறது, ஆரஞ்சு கலக்கவில்லை. செண்டுமல்லிக் காட்டில் ஆரஞ்சும் ஏமாற்றும், அங்கே ரோஸ்தான் நல்லது. சிவப்புத் துண்டு போதுமே என்று நினைக்காதீர்கள். வெளிச்சம் குறையும்போது நம் கண்ணுக்கு முதலில் கறுத்துப்போவது சிவப்புதான். காவியும் அப்படித்தான். ஒளிர் சாயம் என்பது கண்ணுக்குத் தெரியாத புற ஊதா வெளிச்சத்தையும் வாங்கி ஆரஞ்சாகத் திருப்பித் தருகிறது, அதனால்தான் பனியிலும் மூட்டத்திலும் துணி எரிகிற மாதிரி தெரிகிறது. அந்தச் சாயம் வெயிலில் போய்விடும். துவைத்தால் நிழலில் உலர்த்த வேண்டும், வெளுத்ததைக் கழித்துவிட வேண்டும். தலைக்கும் ஒரு ஆரஞ்சுத் தொப்பி அவசியம், ஏனென்றால் குனிந்து போகும்போது செடிக்கு மேலே தெரிவது தலை மட்டும்தான். கோட்டுக்கு மேலே பையோ மழைக்கோட்டோ போட்டால் போட்டதே வீண்.

இருட்டில் கதையே வேறு. ராத்திரி ஆரஞ்சுக்கு ஒளிர வெளிச்சம் கிடையாது. அப்போது வேலை செய்வது கோட்டில் இருக்கும் வெள்ளிப் பட்டை. அது தன் மேல் விழும் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும், பக்கவாட்டில் சிதற விடாது. எங்கள் பக்கம் ராத்திரியில் ஒருவர் டார்ச் அடிக்க, நான்கைந்து அடி தள்ளி இன்னொருவர் சுடுவது வழக்கம். அப்படியானால் பட்டை பளிச்சென்று தெரிவது டார்ச் பிடித்தவருக்கு. சுடுகிறவருக்குச் சரியாகத் தெரியாது! டார்ச் சுடுகிறவரின் நெற்றியிலோ துப்பாக்கியிலோதான் இருக்க வேண்டும். இதை நானும் பையனும் மோட்டார் ரூம் சுவரில் கோட்டை மாட்டி, ஆளாளுக்கு டார்ச்சை மாற்றிப் பிடித்துப் பார்த்தோம், வித்தியாசம் அவ்வளவு. வெப்பத்தைப் பார்க்கும் தெர்மல் கருவி வைத்திருப்பவர்களிடம் இன்னும் கவனம் வேண்டும். அதில் நிறமே தெரியாது. குனிந்த மனிதனும் பன்றியும் ஒரே வெள்ளைத் திட்டு.

கோட்டு போட்டுவிட்டால் குண்டு படாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நின்ற இடத்தை விட்டு நகரக் கூடாது, நகர்ந்தே ஆக வேண்டும் என்றால் விசில் ஊதி எல்லோரும் பதில் ஊதிய பிறகுதான். பாறை இருக்கிற பக்கம் சுடக் கூடாது, குண்டு தெறித்துத் திரும்பும். தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களையும் நினைக்க வேண்டும். அது கார்த்திகை மாதம் பிறந்த சமயம். மாலை போட்ட சாமிகள் கறுப்பு வேட்டி கட்டி விடியும் முன்னே எங்கள் வரப்பு வழியாகத்தான் குளிக்கப் போவார்கள். கறுப்புத் துணி, பனி, துப்பாக்கி. அன்று என் இடத்தில் அவர்களில் ஒருவர் இருந்திருக்கலாம் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. இப்போது இரண்டு நாள் முன்பே கோயிலிலும் பால் சொசைட்டியிலும் சொல்லிவிட்டு, வரப்பின் இரண்டு முனையிலும் ஆள் நிறுத்துகிறோம்.

வாளையார் தாண்டி இருக்கிற சொந்தக்காரர்கள் இதைப் படித்துவிட்டு அங்கேயும் ஆள் கூப்பிட்டுவிட வேண்டாம். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த அரசாணைப்படி காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால்தான் பன்றியைச் சுடலாம், அதுவும் வனத்துறையினர் மட்டும். ஒரு ரோட்டைத் தாண்டினால் சட்டம் மாறிவிடும்.

சேட்டன் மீது எனக்கு முதலில் கோபம்தான் இருந்தது. பார்க்காமல் எப்படிச் சுடலாம், செடி அசைந்ததும் விரல் எப்படி ஆடலாம் என்று பல ராத்திரி மனதுக்குள் சண்டை போட்டேன். இது பன்றிதான் என்று முழுசாகத் தெரியும் வரை விரல் விசைக்குப் போகக் கூடாது, அந்தத் தப்பு அவருடையது, இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் ஆறு நாளும் ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் என்று வாட்ச்மேன் சொன்னார். உள்ளே வரவில்லை. ஆறாம் நாள் நான்தான் கூப்பிடச் சொன்னேன். வந்து, என் கட்டுப் போட்ட காலைத் தொடாமல், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். துப்பாக்கி போலீசிடம் இருக்கிறது, திரும்பக் கிடைத்தாலும் வாங்கப் போவதில்லை என்றார். சேட்டா, உட்காருங்க என்றேன். இரண்டு பேருக்கும் வேறு பேச்சு வரவில்லை.

இந்த மார்ச் மாதம் மறுபடியும் உத்தரவு வாங்கினேன், வேறு வழியில்லை, கப்பை போய்க்கொண்டிருந்தது. பன்னிரண்டு கோட்டு, பன்னிரண்டு தொப்பி வாங்கினேன், நாய்களுக்குக் கழுத்தில் கட்ட ஆரஞ்சுத் துணி. எல்லாம் சேர்த்து 2,900 ரூபாய். கேட்டில் நானே நின்று எண்ணிக் கொடுத்தேன். ஒரு பையன், "மாமா, இதைப் போட்டா வேர்க்குது" என்றான். வேட்டியை விலக்கித் தொடைத் தழும்பைக் காட்டினேன், பேசாமல் போட்டுக்கொண்டான். முடிந்து வரும்போது தோட்டாக்களை வெளியே எடுத்துக் காட்டிய பிறகு கேட்டிலேயே கோட்டுகளைத் திருப்பி வாங்கினேன். பதினொன்றுதான் வந்தது. எல்லோரையும் அப்படியே நிறுத்தி வைத்துவிட்டுத் தேடினோம். ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர் தண்ணீர் குடிக்கப் போய் உட்கார்ந்திருந்தார். கேட்டிலிருந்து பார்த்தபோதே, அவ்வளவு தூரத்திலும், தென்னைகளுக்கு நடுவில் ஆரஞ்சாகத் தெரிந்தார்.